ஆறாவது விரல்

பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற மேஜைக்குப் பின்னால்தான் என் உத்தியோகம். வலியோடு வருகிறவர்கள் என்மேல் எரிந்து விழுவார்கள். நானும் லேசில் விடமாட்டேன். அன்று காலை, மடியில் பிள்ளையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த ஒரு பெண் என்னிடம் போனை நீட்டினாள்.

"இதப் பாத்தீங்களாக்கா? பிள்ளை பிடிக்கிறவன். இங்கதான் சுத்துறானாம்."

பார்த்தேன். என் தம்பி.

தோளில் சாக்கு மூட்டை. மூட்டையின் வாயிலிருந்து இரண்டு சின்னக் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. மேலே சிவப்பு எழுத்தில் 'ஜாக்கிரதை'. அந்தப் படத்தைச் செய்தவளே நான்தான்.

படங்களை வெட்டி ஒட்டி ஆடவிடுவது எனக்கு ஒரு பைத்தியம். சொந்தத்தில் ஒருத்தரையும் விட்டதில்லை. சித்தப்பாவின் தலையை வாத்தின் உடம்பில் வைத்து நடக்க விட்டிருக்கிறேன். சித்தியை விமான இறக்கையில் உட்கார வைத்து வெங்காயம் உரிக்க வைத்திருக்கிறேன். ஒவ்வொரு படத்திலும் வேண்டுமென்றே ஒரு தப்பு ஒளித்து வைப்பேன். முதலில் கண்டுபிடிக்கிறவர்தான் அந்த வாரம் குடும்பத்துக்குப் புத்திசாலி. தம்பி மட்டும் ஒரு தடவைகூடக் கண்டுபிடித்ததில்லை. "மக்கு, கண்ணாடி போடுடா" என்று எல்லார் முன்னாலும் அவன் மானத்தை வாங்குவேன்.

அவன் மகள் சாப்பிட அடம்பிடிக்கிறாள் என்று போன வாரம் அவனையே பூச்சாண்டி ஆக்கினேன். மூட்டைக்குள் உதைக்கிற கால்கள் அவளுடையவை. குட்டிப் பிசாசு பயப்படவே இல்லை. "இன்னொரு தடவ அத்தை" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். சித்தி அதைத் தன் தோழிகளுக்கெல்லாம் அனுப்பிவைத்தாள். எவனோ ஒரு புண்ணியவான் அதிலிருந்து ஒரு காட்சியை மட்டும் எடுத்துச் சிவப்பில் எழுதிவிட்டான்.

தம்பி வாஷிங் மெஷின் மெக்கானிக். பெரிய பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குகிறவன். போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

"மார்க்கெட்டுக்குப் பின்னாடி இருக்கிற ஃப்ளாட்ஸ்ல ஆள மடக்கிட்டாங்களாம்!" என்றாள் அந்தப் பெண், போனைப் பார்த்தபடி. சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

அங்கேதான் போகிறேன் என்று காலையில் சொல்லியிருந்தான்.

டாக்டரிடம்கூடச் சொல்லாமல் ஸ்கூட்டரை எடுத்தேன். வழியில் போலீசுக்குப் பேசினேன். "பாக்கிறோம்மா" என்று வைத்துவிட்டார்கள். கடவுளே, உயிர் மட்டும் இருந்தால் போதும், இனி ஒரு படத்தையும் தொடமாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.

ஃப்ளாட்ஸின் கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் கூட்டம். பிளந்துகொண்டு உள்ளே போனேன். தம்பி ஒரு தூணில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். சட்டை கிழிந்திருந்தது, உதட்டில் ரத்தம். பையைக் கவிழ்த்துக் கொட்டியிருந்தார்கள். ஸ்பானர், குழாய், பெல்ட் எல்லாம் அவனைச் சுற்றிக் கிடந்தன. ஒரு ஸ்பானர் மட்டும் தடியன் ஒருவன் கையில் இருந்தது.

"விடுங்க! அவன் என் தம்பி!"

"ஓ, கூட்டாளி வந்துட்டாடா!"

என் கையை யாரோ முறுக்கிப் பிடித்தார்கள்.

"அந்தப் படத்தப் பண்ணினதே நான்தாங்க. விளையாட்டுக்குப் பண்ணினது. போன்ல இருக்கு, காட்டுறேன்..."

போனை எடுத்துத் திறக்கப் போனேன். அதையும் பிடுங்கிக்கொண்டார்கள். "போட்டோவுல இருக்கிறது இவன்தானே? மூட்டைக்குள்ள இருக்கிற பிள்ளை எங்கடி?" என்று ஒரு கிழவர் கத்தினார். தடியன் ஸ்பானரை ஓங்கினான்.

அப்போது தம்பி கையைத் தூக்கினான். அடியைத் தடுக்கத் தூக்குகிறான் என்று நினைத்தேன். விரல்களை விரித்துக் காட்டினான்.

"எண்ணுங்க" என்றான். "மூட்டையப் பிடிச்சிருக்கிற கையில எத்தனை விரல்? எண்ணிப் பாருங்க."

நைட்டி போட்ட ஓர் அம்மாள் தன் போனில் படத்தை விரித்துப் பெரிதாக்கி, சத்தமாக எண்ணினாள். "அஞ்சு... ஆறு. அட, ஆமா! ஆறு!"

ஒருவருக்கொருவர் போனைக் காட்டிக்கொண்டார்கள். யாரோ சிரித்தார்கள். உடனே எல்லோருமே சிரித்தார்கள். அடித்த அதே தடியன் தம்பியைத் தூக்கி நிறுத்தி முதுகைத் தட்டிக்கொடுத்தான். "ஏம்மா, விளையாட்டுக்கும் ஒரு அளவு வேணாமா?" என்று என் போனைத் திருப்பிக் கொடுத்தார் கிழவர். ஐந்தே நிமிடத்தில் இடம் காலியாகிவிட்டது.

நாங்கள் இருவரும் குனிந்து ஸ்பானர்களைப் பொறுக்கினோம். எனக்கு அழுகை நிற்கவில்லை. பாவி, இவனையா மக்கு என்றேன்.

"படத்த மூஞ்சிக்கு நேரா நீட்டிக்கிட்டே அடிச்சாங்கக்கா" என்றான். உதடு வீங்கியதில் பேச்சு குழறியது. "பாத்துக்கிட்டே இருந்தேனா, சட்டுனு தெரிஞ்சிடுச்சு. இந்த வாரம் நான்தான் புத்திசாலி."

சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை.

"நாளைக்கு லீவு போடுடா."

"பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு வீட்ல ரிப்பேருக்கு வரச் சொல்லியிருக்காங்க. போகாம எப்படி?"

என் போன் சிணுங்கியது. சித்தி. 'இது என்னடி, எனக்கே திரும்பி வருது' என்று எழுதி, கூடவே படத்தையும் அனுப்பியிருந்தாள். அதே படம்தான். ஆனால் இப்போது குறுக்கே அகலமாக ஒரு சிவப்புப் பட்டை, அதில் 'கண்டால் விடாதீர்கள்'. மூட்டையைப் பிடித்திருக்கும் கை முழுவதும் அந்தப் பட்டைக்கு அடியில் போயிருந்தது.

பெரிதாக்கி, மூலை மூலையாகத் தேடினேன். படத்தில் இப்போது ஒரு தப்பும் இல்லை.