ஜெயம்மாள் டீச்சரின் குடலை இட்லி

எழுபதாம் வருஷத்துக் குடியரசு தினம் திங்கட்கிழமையில் வந்து விழுந்தது. ஞாயிறு, திங்கள் என்று சேர்ந்தாற்போல் இரண்டு நாள் லீவு. திங்கட்கிழமை எல்லாருமாக மகாபலிபுரம் போய்க் கடலில் கால் நனைத்துவிட்டு வரலாம் என்று முதலில் வாயைத் திறந்தவர் தர்மன். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. காலண்டர் கைக்கு வந்த அன்றே சிவப்புத் தேதிகளை எண்ணி முடித்துவிடுகிற ஆள். வாலாஜாபாத் ரைஸ் மில் ஒன்றில் லாரியும் பேசிவிட்டார். காஞ்சிபுரம் மிஷன் தெருவில் சபையைச் சேர்ந்த ஒன்பது குடும்பம், போதகர், போதகரம்மா எல்லாரும் கிளம்புவதென்று முடிவாயிற்று.

யார் வீட்டிலிருந்து என்ன சாப்பாடு என்று பேசப் பெண்கள் சங்கம் கூடியது. கம்பவுண்டர் வீட்டம்மா மீன் வறுவல் என்றாள். போதகரம்மா எலுமிச்சஞ்சாதம் என்றார். தர்மனின் சம்சாரம் ஜெயம்மாள் சங்கத்தின் காரியதரிசி. மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு டீச்சர். அவள் வாயைத் திறப்பதற்குள் கம்பவுண்டர் வீட்டம்மா முந்திக்கொண்டாள்.

"டீச்சரம்மாவ உட்ருங்க பாவம். ஸ்கூலுக்குப் போறவங்க. அடுப்பாண்ட நிக்க நேரம் ஏது? ஒரு சீப்பு வாழப்பழம் வாங்கியாந்தா போதும்மா."

சொன்னது கரிசனம்தான். ஆனால் சொல்லிவிட்டு இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாளே, அதுதான் ஜெயம்மாளைச் சுட்டது.

"நான் குடலை இட்லி கொண்டாறேன். என் கையால" என்றாள்.

சங்கமே நிமிர்ந்து அவளைப் பார்த்தது. குடலை இட்லி என்பது மற்ற ஊர் இட்லி மாதிரி உள்ளங்கை அளவு சமாசாரம் இல்லை. மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் சேர்த்த மாவை, மந்தாரை இலை பரப்பிய நீளமான மூங்கில் குடலையில் ஊற்றி மணிக்கணக்காக வேகவைக்க வேண்டும். முழங்கை நீளத்துக்கு வரும். பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் செய்வார்கள். ஊரில் மற்றவர்கள் அதை வாங்கித் தின்பார்களே தவிர, செய்து பார்க்கத் துணிவதில்லை.

ஜெயம்மாள் துணிந்தாள். வியாழக்கிழமை செய்தது நடுவில் வேகாமல் கூழாக நின்றது. சனிக்கிழமை செய்தது வெந்தது, கத்திதான் இறங்கவில்லை. தர்மன் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு வெகு நேரம் மென்றார். "பல்லுக்கு நல்லதுதான்" என்றார். அதற்குப் பிறகு இரண்டு வேளை அவரோடு அவள் பேசவில்லை.

ஞாயிறு காலை ஆராதனை முடிந்த கையோடு சின்னக் காஞ்சிபுரத்துக்குப் போய் வைதேஹியின் கதவைத் தட்டினாள். வைதேஹி அதே பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

"எங்காத்துல யாரு இதெல்லாம் பண்றா, ஜெயம்? கோவில்லேர்ந்துதான் வரணும். பெருமாளுக்கு அமுது பண்ணினது" என்றாள் வைதேஹி. "நீங்கள்லாம் அதைச் சாப்பிடுவேளா?"

"நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல, வைதேஹி."

"நான் அதைக் கேக்கலையேம்மா."

சாயங்காலம் இரண்டு இட்லி, இலை சுற்றியபடி, செய்தித்தாளில் மடித்து, கொல்லை வழியாக வந்து சேர்ந்தன. ஒன்றை வில்லை வில்லையாக நறுக்கி எவர்சில்வர் தூக்கில் அடுக்கினாள். மற்றதை, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று, இலையோடு முழுசாகவே வைத்தாள். தொட்டுக்கொள்ள மிளகாய்ப்பொடி மட்டும் அவள் கையால் இடித்தது.

இதில் என்ன பெரிய குற்றம் என்று கேட்கிறவர்களுக்குப் பொன்னியம்மாளின் கதை தெரியாது.

பொன்னியம்மாள் அதே தெருக் கோடியில் இருப்பவள். புருஷன் இல்லை. நெசவுக்காரர் வீடுகளில் தறிக்கு நூலைக் குச்சியில் தாராகச் சுற்றிக் கொடுப்பாள். நாள் முழுக்க ராட்டையும் பட்டு நூலும்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கருட சேவையன்று, வேலை செய்கிற வீட்டில் கோயில் சர்க்கரைப் பொங்கலைத் தொன்னையில் கொடுத்தார்கள். பசி நேரம், அங்கேயே உட்கார்ந்து தின்றுவிட்டாள். தெருவோடு போன ஜெயம்மாள் கண்ணில் அது பட்டது. அடுத்த சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, வசனமெல்லாம் எடுத்துச் சொல்லி, "விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தின்ற வாயால் கர்த்தருடைய பந்தியில் சேரலாமா?" என்று கேட்டாள். கேள்வி போதகர் வரைக்கும் போயிற்று. பொன்னியம்மாளை மூன்று மாதம், அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்தில் சேர்க்காமல் நிறுத்தி வைத்தார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு எல்லாரும் எழுந்து முன்னே போய் முழங்கால் போட, அவள் மட்டும் கடைசி பெஞ்சில் குந்தியிருந்தாள். ஜெயம்மாள் அப்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்கிறாள் என்று யாராவது நினைத்துவிடக் கூடாதே!

திங்கட்கிழமை விடிய லாரி வந்து நின்றது. வைக்கோல் பரப்பி மேலே ஜமக்காளம் விரித்திருந்தார்கள். தவிட்டு வாசனை தூக்கலாக இருந்தது. டிரைவர் முனுசாமி பெண்களை ஏற்றிவிடப் பலகை சாய்த்தான். கம்பவுண்டர் வீட்டம்மா ஏறும்போது பலகை வளைந்ததைத் தெருவே பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை, பிறகு தனித்தனியாகச் சிரித்துக்கொண்டார்கள். செங்கல்பட்டு தாண்டும்வரை கீர்த்தனை. திருக்கழுக்குன்றத்தில் தேநீர். ஜெயம்மாள் தூக்கை மடியிலேயே வைத்திருந்தாள்.

"என்னாத்துக்கு டீச்சரம்மா கைக்கொழந்தயாட்டம் புட்சிக்கினு வர்றீங்க? இப்படிக் குடுங்க, நான் வெச்சிக்கிறேன்" என்றாள் எதிரே இருந்த பொன்னியம்மாள்.

"இருக்கட்டும் பொன்னி."

கடற்கரையில் சவுக்குத் தோப்பு நிழலில் பந்தி போட்டார்கள். போதகர் எழுந்து ஜெபம் பண்ணினார். சாப்பாட்டுக்காக நன்றி செலுத்தினவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். "இதை அன்போடு சமைத்த கைகளை ஆசீர்வதியும், ஆண்டவரே" என்று ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தார். ஜெயம்மாள் மூடின கண்ணைத் திறந்து தன் கையைப் பார்த்தாள். உடனே முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

இட்லி பறந்தது. போதகர் மூன்று வில்லை சாப்பிட்டார். கம்பவுண்டர் வீட்டம்மா நான்கு.

"சும்மா சொல்லக் கூடாதும்மா. நான்கூட வாழப்பழம்னு சொல்லிட்டேன். மன்னிச்சிக்கோங்க டீச்சரம்மா" என்றாள் அவள், ஐந்தாவதைப் பார்த்தபடி.

டிரைவர் முனுசாமியையும் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தார்கள். இலையில் இட்லி விழுந்ததும் அவன் அதை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, பிறகு வாயில் போட்டான்.

"இன்னாப்பா முனுசாமி, இட்லியக் கண்ணுல ஒத்திக்கிறே?" என்று போதகர் சிரித்தார்.

அவனுக்கு வெட்கமாகப் போயிற்று. "பழக்கம் சாமி. வாசனை வந்ததும் கை தானா போய்ட்சி. அச்சு அசல் கோயில் இட்லியேதான்! அம்மா கைப்பக்குவம் அப்படி இருக்குது."

பந்தியே சிரித்தது. தர்மன்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அவருக்கு இட்லி வந்த வழி தெரியும். ஜெயம்மாளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முகத்தில் எங்கே ஒட்டியது என்று அவளுக்கே தெரியவில்லை.

முதல் இட்லி தீர்ந்தது. பரிமாறிக்கொண்டிருந்த பொன்னியம்மாள் முழு இட்லியை எடுத்துப் போதகர் எதிரில் வைத்து மந்தாரை இலையை உரித்தாள். இலைக்கடியில், இட்லியோடு ஒட்டினாற்போல், ஒரு துளசித் தளம் இருந்தது.

ஜெயம்மாள் பார்த்தாள். பொன்னியம்மாளும் பார்த்தாள். சின்னக் காஞ்சிபுரத்தில் பாதி வீடுகளுக்குத் தார் சுற்றுகிறவளுக்கு அது என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நிமிர்ந்து ஜெயம்மாளை ஒரு தரம் பார்த்தாள். அவ்வளவுதான், முடிந்தது என்று ஜெயம்மாள் நினைத்தாள்.

"என்னம்மா அது?" என்றார் போதகர்.

"கறிவேப்பில சாமி" என்றாள் பொன்னியம்மாள். இரண்டு விரலால் எடுத்தாள், வாயில் போட்டாள், மென்று விழுங்கினாள். பிறகு கத்தியை வைத்து நறுக்க ஆரம்பித்தாள்.

அதற்கப்புறம் ஜெயம்மாள் இலையில் கை வைக்கவில்லை. பெண்கள் கைகோத்துக்கொண்டு வரிசையாக அலையில் நின்றபோது, பக்கத்தில் வந்து அவள் கையைப் பிடித்தது பொன்னியம்மாள்தான். நூல் ஓடி ஓடித் தழும்பேறின விரல்.

"ஏன் சொல்லல?" என்று கேட்டாள் ஜெயம்மாள். அலைச் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்க வழியில்லை.

"சொன்னா இன்னா ஆவும்? மூணு மாசம் கடேசி பெஞ்சில குந்தச் சொல்லுவாங்க. அந்த பெஞ்சுக்கு ஒரு காலு ஆடுது டீச்சரம்மா. ஒருக்கா அசைஞ்சா டொக்குனு சத்தம் போடும், எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. அசையாம குந்திக் குந்தி முதுகே ஒடிஞ்சிரும். உங்களால ஆவாது."

அதில் குத்தல் இருந்ததா என்று ஜெயம்மாள் அவள் முகத்தைத் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. அலை வந்தது, பொன்னியம்மாள் கையை இறுக்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை வரை ஜெயம்மாள் பொறுத்துப் பார்த்தாள். போதகரிடம் போய்ச் சொல்லிவிடுவதென்று தீர்மானித்து அவர் வீட்டுக்குப் போனாள். அவர் இல்லை. போதகரம்மா காகிதமும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தார். "நல்ல நேரத்துல வந்தே ஜெயம். அந்த இட்லிக்கு அளவு சொல்லு, எழுதிக்கிறேன்."

சொல்லவேண்டியதை விட்டுவிட்டு ஜெயம்மாள் அளவு சொன்னாள். அரிசி இத்தனை, உளுந்து இத்தனை, சுக்கு ஒரு துண்டு. கூசாமல், நாலாம் வகுப்புக்குப் பாடம் சொல்கிற குரலில் சொன்னாள். கல்லாகப் போன தன் முந்தின சனிக்கிழமை இட்லியின் அளவுதான். தெருவுக்கு வந்த பிறகுதான், தான் செய்த காரியம் உறைத்தது.

மறுநாள் பிப்ரவரி முதல் ஞாயிறு. திருவிருந்து. ஜெயம்மாள் ஆலயத்துக்குள் வந்து, இருபது வருஷமாக உட்கார்கிற இரண்டாவது பெஞ்சுக்குப் போகாமல், வாசலை ஒட்டிய கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். டொக் என்று சத்தம் வந்தது. எல்லாத் தலைகளும் திரும்பின. எல்லாரும் முன்னே போக எழுந்தபோதும் அவள் எழுந்திருக்கவில்லை. தர்மன் கழுத்தைத் திருப்பித் திருப்பிக் கண்ணால் கூப்பிட்டுப் பார்த்தார்.

புருஷன் பெண்டாட்டிச் சண்டை என்றது ஒரு பெஞ்ச். உடம்புக்கு முடியவில்லை என்றது ஒன்று. கம்பவுண்டர் வீட்டம்மா எதையும் நம்பாமல், ஆராதனை முடிந்ததும் வாசலில் போதகருக்கு ஒட்டினாற்போல் நின்றுகொண்டாள்.

"என்னம்மா டீச்சர், உடம்புக்கு என்ன?" என்றார் போதகர்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லீங்க" என்றாள் ஜெயம்மாள். கண் எங்கேயும் நிற்காமல் கடைசியில் பொன்னியம்மாளிடம் போய் நின்றது. "அந்த இட்லி நான் செய்யல. கோயில் இட்லி. பெருமாளுக்குப் படைச்சது. தெரிஞ்சேதான் வாங்கினேன். நேத்து அம்மாகிட்ட சொன்ன அளவும் பொய்."

கம்பவுண்டர் வீட்டம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நான்கு வில்லை அல்லவா!

போதகர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். அவர் தின்றது மூன்று. பந்தியில் உட்கார்ந்த ஒருவர் பாக்கியில்லை. காலையில் அத்தனை பேரும் முன்னே போய் முழங்கால் போட்டு வந்தாயிற்று. இந்தக் கணக்கில் சபை முழுக்கக் கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும், அவரும் சேர்த்து. அதற்கு அந்த ஒரு பெஞ்ச் போதாது. அவர் மெல்லத் திரும்பிப் பொன்னியம்மாளைப் பார்த்தார். வாசலில் நின்ற எல்லாருமே, ஒருவர் பின் ஒருவராக, அவளைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்கள்.

"அம்மா, உன்னை அன்னிக்கு நாங்க…" என்று ஆரம்பித்தார் போதகர்.

"அத்த உடுங்க சாமி. அது போய்ட்சி" என்றாள் பொன்னியம்மாள். "அந்த பெஞ்சு காலத்தான் ஆசாரியக் கூப்ட்டு சரி பண்ணச் சொல்லுங்க. நான் குந்தினப்போ அடியில ஒரு தார்க்குச்சி சொருவி வெச்சிருந்தேன், அதையும் யாரோ பெருக்கித் தள்ளிட்டாங்க."

ஜெயம்மாளைப் போதகர் நிறுத்தி வைக்கவில்லை. நிறுத்துவதற்கு அவருக்கு முகம் இல்லை. ஆசாரி இன்றைக்கு நாளைக்கு என்று சொல்லி வந்து சேர ஏப்ரல் கடைசியாகிவிட்டது. அதுவரை ஜெயம்மாள் யாரும் சொல்லாமலே அந்த பெஞ்சில்தான் உட்கார்ந்தாள். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு தரமாவது டொக் என்று சத்தம் வரும். முதல் ஞாயிற்றுக்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.