ஒரு பூனைக்கு இரண்டு வீட்டு மாத்திரை

"என் பிள்ளைக்கு என்னடி குடுத்தே, சொல்லு!" "உங்க பிள்ளையா? தினமும் படுக்கிறது எங்க கட்டில்ல ஆன்ட்டி, பிள்ளையாம் பிள்ளை!"... மர்பி டவுனில் எங்கள் சந்து முழுக்கக் கேட்கிறது, பிழிந்த துணி என் கையிலேயே இருக்கிறது, இடது பக்கத்து வீடு மௌரீன் ஆன்ட்டி, ரிட்டயர்டு டீச்சர், வலது பக்கம் பியூட்டி பார்லர் ஷோபா, குழாயடிச் சண்டைக்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சே கிடையாது, இன்றைக்குத்தான் வாயைத் திறக்கிறார்கள், அதுவும் இந்த லட்சணத்தில்... நடுவில் அந்தப் பூனை, தண்ணீர் டிரம்மில் முட்டுகிறது, பின்வாங்குகிறது, மறுபடி அதே டிரம்மில் முட்டுகிறது, கண் இரண்டும் கறுப்பாக விரிந்து கிடக்கிறது, இந்த வெயிலுக்குக் கீற்றாகச் சுருங்க வேண்டாமா? முகத்துக்கு நேரே கையை ஆட்டினேன், இமைக்கவில்லை. விஷம் வைத்துவிட்டாள் என்கிறாள் ஆன்ட்டி. "விஷமா? கால்ல கடிபட்டுச் சீழ் வெச்சதுக்கு நான்தான் டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போனேன், வேளா வேளைக்குக் கருவாட்டுல வெச்சு ஆன்டிபயாட்டிக் குடுக்கிறேன், பாருங்க!" என்று ஷோபா மாத்திரை அட்டையைத் தூக்கிக் காட்ட, ஆன்ட்டி அதையே பார்த்தாள், பிறகு நைட்டிப் பையில் கைவிட்டு ஓர் அட்டையை எடுத்தாள்... அதே அட்டை.

ஆன்ட்டியும் வேறொரு டாக்டரிடம் போயிருக்கிறாள், கூடையில் வைத்து, எனக்குத் தெரியாமல்! வேறு மருந்து கொடுக்கிறீர்களா என்று கேட்டிருப்பார்கள், இல்லை என்று இருவருமே சொல்லியிருப்பார்கள், பொய்யும் இல்லையே... எந்த வீட்டில் என்ன மீன் என்று வாசனையிலேயே சொல்கிறவள் நான், எப்படிக் கோட்டை விட்டேன்? ஆட்டோ முனிகிருஷ்ணன், "சும்னிரி மேடம், சும்மா இருங்க, மொதல்ல ஏறுங்க" என்றான், நானும் ஏறிக்கொண்டேன், விவரமாகக் கேட்டுவர ஒருத்தி வேண்டாமா? வழியெல்லாம் பூனை ஆன்ட்டி மடியில், அதன் கால் ஷோபாவின் விரலைப் பற்றிக்கொண்டு, இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் வெளியே பார்த்துக்கொண்டு... பார்வை வந்துவிடுமா, வராவிட்டால் இவர்கள் யாரைத் திட்டுவார்கள், தங்களையேவா? டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார், இந்த மருந்து அளவுக்கு மிஞ்சினால் பூனைக்குக் கண்ணின் உட்படலம் கெட்டுவிடுமாம், உடனே நிறுத்துங்கள் என்றார், பார்வை திரும்புமா என்றால் சொல்ல முடியாதாம், வீட்டுச் சாமான் எதையும் இடம் மாற்றாதீர்கள், மீசையால் தடவித் தடவி வழி பழகிக்கொள்ளும் என்றார்.

தை மாதம் ஷோபா நரேஷ் என்று ஒருவனைக் கட்டிக்கொண்டு ஈஜிபுராவுக்குப் போனாள், புது வீட்டில் முட்டிக்கொள்ளும் என்று பூனையை ஆன்ட்டியிடமே விட்டுவிட்டு, தேம்பித் தேம்பி அழுதுகொண்டே. அப்புறம் ஆன்ட்டி மகன் லாயிட், அம்மாவை ஒயிட்ஃபீல்டு பதினாலாம் மாடிக்குக் கூட்டிப்போக வந்தான். "நாற்காலியையே நகத்தக்கூடாதாம்டா, என்னை நகத்த வந்துட்டியா?" என்று திருப்பி அனுப்பிவிட்டாள், பாவம் பூனைக்காகத்தானே என்று நானும் தெரு முழுக்கச் சொல்லியிருந்தேன்... நேற்று அவள் சன்னல் பக்கமாகப் போகிறேன், சுவரில் பல்லி ஓடுகிறது, பூனையின் தலையும் கூடவே திரும்புகிறது, பல்லி நின்றால் இதுவும் நிற்கிறது, சத்தம் கேட்டா, இல்லை கண்தான் தெரிகிறதா... ஆன்ட்டியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு நான் பார்ப்பதைப் பார்த்தாள், மெதுவாக எழுந்து வந்து சன்னலைச் சாத்தினாள்.