பிடிக்க ஆளில்லாத சண்டை

சாமுராய் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். பதினோரு புத்தகம் படித்திருக்கிறேன். வாளை இடுப்பில் எந்தப் பக்கம் செருகுவது, எதிராளி முன்னால் எவ்வளவு குனிவது, தேநீர்க் கோப்பையை எப்படி வாங்கிக்கொள்வது, எதைக் கேட்டாலும் சொல்வேன். என் கூட்டாளி ஃப்ரெடிக்கு இதில் ஒரு மண்ணும் தெரியாது. ராயபுரத்தைத் தாண்டி அவன் போன தூரதேசம் வேளாங்கண்ணிதான், அதுவும் நடந்து. ஆனால் எங்கள் கம்ப்யூட்டர் விளையாட்டில் வரும் ஜப்பானை வரைந்தவன் அவன். அந்த உலகத்தின் சட்டதிட்டங்களை நான் எழுதுவேன்; அவன் வரைந்து ஓடவைப்பான்.

விளையாட்டின் பெயர் 'கருங்காற்றுத் தீவு'. நான் வைத்த பெயர். "கருங்காத்து வேணும்னா மணலி ரீஃபைனரி போதுமே, இன்னாத்துக்கு ஜப்பானு?" என்று முதல் நாளே கேட்டான். தீவில் மொத்தம் நாற்பத்தொரு மானச் சட்டங்கள். ஒவ்வொரு வீரனின் தலைக்கு மேலும் ஒரு மான மீட்டர். வாக்குத் தவறினால் இறங்கும். முதுகில் குத்தினால் இறங்கும். அடுத்தவன் வெற்றியைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டால் சரசரவென்று இறங்கும். பூஜ்யத்தைத் தொட்டுவிட்டால் வாளைக் கீழே வைத்துவிட்டுத் தீவைவிட்டே போய்விட வேண்டும். ஃப்ரெடி முழுவதையும் கேட்டுவிட்டு, "ஆட்டோவுக்கே எவனும் மீட்டர் போட மாட்டேன்றான், நீ மானத்துக்குப் போடுறியா?" என்றான். அன்று முழுக்க நான் அவனோடு பேசவில்லை.

அவன் வரைந்த கோட்டையையும் சொல்ல வேண்டும். ஐந்தடுக்கு ஓட்டுக்கூரை, பனிமலை, செர்ரி மரம், எல்லாம் சரி. பின்னால் பார்த்தால் நான்கு உயரமான புகைபோக்கிகள். எண்ணூர் அனல்மின் நிலையத்துப் பக்கம் போனவர்களுக்கு அடையாளம் சொல்லத் தேவையில்லை.

"கோட்டையில ஏன்டா புகை வருது?"

"ராஜா வூட்ல சோறாக்க மாட்டாங்களா?"

வீரர்களின் முகமும் அந்த லட்சணம்தான். ஒருவன் அவன் சித்தப்பா, இன்னொருவன் அவர்கள் மாதா கோயில் உபதேசியார். முன்னந்தலையைச் சிரைத்துக் கொண்டை போட்டுவிட்டால் யாரும் சாமுராய் ஆகிவிடலாம் என்பது அவன் எண்ணம்.

எங்கள் ஸ்டுடியோ என்பது என் அப்பா கடையின் மாடி. அப்பா ஜெயக்கொடி, திசையன்விளைக்காரர். ராயபுரத்தில் விசைப்படகுகளுக்குக் கயிறும் தார்ப்பாயும் மொத்தமாக விற்கிறார். ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு நான் வந்து நின்ற அன்று அவர் கத்தவில்லை. "ஒரு வருஷம் தாறேன். மாடிய எடுத்துக்கோ. அதுக்குள்ள நடந்தா சந்தோசம். நடக்கலன்னா கீழ வந்து கல்லாவுல உக்காரணும், என்னட்டி மகிமா?" என்றார். நானும் பெரிய சாமுராய் மாதிரி வாக்குக் கொடுத்தேன்.

அந்த ஒரு வருஷம் ஒரு சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு முடிய இருந்தது. அப்பா கயிறு அளந்தால் ஒரு சாண் கூடவும் இருக்காது, குறையவும் இருக்காது. அதே சனிக்கிழமை பதினொரு மணிக்கு, பெங்களூரில் ஒரு விளையாட்டு நிறுவனத்தில் இருக்கும் ஐரீன் என்பவர் எங்கள் தீவை வீடியோ அழைப்பில் ஆடிப் பார்ப்பதாக இருந்தது. பிடித்தால் எடுத்துக்கொள்வார்கள். பிடிக்காவிட்டால் எனக்குக் கல்லா. அப்பா கல்லாப் பக்கத்தில் எனக்காகப் புது நாற்காலி வாங்கிப் போட்டுவிட்டார். பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. அதைத் தாண்டித்தான் தினமும் மாடி ஏறினேன்.

வியாழக்கிழமை மதியம் சோதனை ஆட்டத்துக்கு ஃப்ரெடி இரண்டு பேரைக் கூட்டிவந்தான். தண்டபாணி, மணலியில் டேங்கர் லாரி ஓட்டுகிறவன். சாவியோ, துறைமுகத்தில் சரக்கு இறக்குகிறவன். இரண்டு பேரும் உயிர்த் தோஸ்துகள். ஆனால் ஆறு மாதமாகப் பேச்சு வார்த்தை இல்லை.

"அதான் கரெக்ட்டு. கோவம் ரெடியா கீது," என்றான் ஃப்ரெடி.

ஆளுக்கொரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார்கள். திரையில் இரண்டு சாமுராய்கள் செர்ரி மரத்தடியில் எதிரெதிரே நின்று, நான் எழுதிய சட்டப்படியே குனிந்தார்கள். எனக்கு மெய்சிலிர்த்தது. அடுத்து வாளை உருவ வேண்டும். இரண்டு பேரும் உருவவில்லை.

"வாடா டேய்," என்றான் தண்டபாணி.

"நீ வாடா," என்றான் சாவியோ.

"நான் வந்தா இன்னா ஆவும் தெரியுமா?"

"வந்து பாரு, அப்பால தெரியும்."

சாமுராய்கள் இரண்டு அடி முன்னால் வந்தார்கள். இரண்டு அடி பின்னால் போனார்கள். இப்படியே இருபது நிமிஷம். இரண்டு பக்கத்துப் பரம்பரையும் வார்த்தையில் வந்துபோயிற்று. வாள் மட்டும் உறையைவிட்டு வரவில்லை.

"வெட்டுங்களேன்!" என்று கத்தினேன். "சிவப்பு பட்டன்தான்!"

தண்டபாணி என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "எப்டி மா வெட்றது? புடிக்க ஒரு ஆளுகூட இல்லியே."

"எதைப் பிடிக்க?"

"என்னத்தான். சண்டைன்னா பின்னாலேந்து ஒருத்தன் இடுப்பப் புடிக்கணும். நாம வுட்றா வுட்றான்னு துள்ளணும். அவனையும் ஒருத்தன் புடிச்சிகினு இருப்பான். நாலு பேரு பாப்பாங்க. ரெண்டு பேருக்கும் மருவாதியா முடிஞ்சிரும். புடிக்க ஆளில்லாம அடிச்சா அது சண்டை இல்ல மா, கேஸு."

சாவியோ ஆறு மாதத்தில் முதல்முறையாக அவன் சொன்னதற்குத் தலையாட்டினான். அதுதான் வினையாகப் போயிற்று.

"நீ இன்னாத்துக்குத் தலையாட்ற? நீ புடிச்ச லட்சணம் ஊருக்கே தெரியும்!" என்று தண்டபாணி எழுந்தேவிட்டான்.

பிறகுதான் கதை வெளியே வந்தது. எம்.கே.பி. நகரில் ஒரு ஃபுட்பால் ஆட்டம், அதில் தகராறு. தண்டபாணி எதிரணி கோல்கீப்பர் மேல் பாய்கிறான். சாவியோ பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்திருக்கிறான். எல்லாம் முறைப்படி நடந்துகொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து சாவியோவுக்குப் போன் வந்தது. எடுப்பதற்காகப் பிடியை விட்டுவிட்டான். பாய்ந்த வேகத்தில் தண்டபாணி போய் கோல்கீப்பரின் மார்புக்கு நேராக நின்றான். கோல்கீப்பர் ஆறடிக்கு மேல். மைதானமே பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்புறம்?" என்றேன்.

தண்டபாணி தரையைப் பார்த்தான். "'சாப்ட்டியா'ன்னு கேட்டேன்."

ஃப்ரெடி விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு எரிச்சலாக வந்தது. பதினோரு புத்தகத்தில் ஒன்றில்கூட இப்படி ஒரு விஷயம் கிடையாது. சனிக்கிழமைக்கு நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை நான் போனபோது தீவில் புதிதாக ஒருவர் இருந்தார். ஃப்ரெடியின் மாமா இன்னாசி. தொந்திக்கு மேல் கிமோனோ, அதையும் லுங்கி மாதிரி மடித்துக் கட்டியிருந்தார். யாராவது வாளை உருவினால் மரத்துக்குப் பின்னாலிருந்து ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொள்வார். "வேணா நைனா, வுடு நைனா" என்பார். பிடிபட்டவன் எவ்வளவு துள்ளுகிறானோ அவ்வளவு மான மீட்டர் ஏறும். அளவுக்கு மீறித் துள்ளினால் அவர் பிடி நழுவிவிடும். மீட்டர் ஒரேயடியாகப் பூஜ்யம்.

"அழி," என்றேன்.

"மகி, ஒரு தபா ஆடிப் பாரு."

"மானம்னா உயிரைக் கொடுக்கறதுடா. இடுப்பைப் பிடிச்சு இழுக்கறதில்ல. அழி."

"சரி," என்றான். ஃப்ரெடி ஒரே பேச்சில் சரி என்று சொன்னால் சந்தேகப்பட வேண்டும். பத்து வருஷப் பழக்கத்தில் இதுகூடத் தெரியாமல் அன்று ராத்திரி நான் போய்ப் படுத்துத் தூங்கினேன்.

சனிக்கிழமை ஐரீன் சொன்ன நேரத்துக்குத் திரையில் வந்தார். கண்ணாடி போட்ட, சிரிக்காத முகம். தமிழ் நன்றாகப் பேசினார். தீவைச் சுற்றிப் பார்த்தார். என் தேநீர்ச் சடங்கைக் கொட்டாவியோடு கடந்தார். "அந்தச் சிம்னி நல்லா இருக்கு," என்றார். ஃப்ரெடி மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தான். பிறகு அவருடைய வீரனும் என்னுடைய வீரனும் மரத்தடியில் குனிந்தார்கள். அவர் வாளை உருவினார்.

மரத்துக்குப் பின்னாலிருந்து இன்னாசி மாமா ஓடிவந்தார்.

ஐரீன் புருவத்தைச் சுருக்கினார். "இது என்ன, பிழையா?"

"ஆமா மேடம், பிழைதான். தெரியாம உள்ள வந்துருச்சு," என்றேன்.

"பிழையா?" ஃப்ரெடி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "அது எங்க மாமா!"

"அழிச்சிட்டேன்னு சொன்னியேடா!"

"சரின்னு சொன்னேன். அழிச்சிட்டேன்னு எப்போ சொன்னேன்?"

எனக்குக் கண் மண் தெரியவில்லை. ஒரு வருஷம். புது நாற்காலி. பிளாஸ்டிக் உறை. கையில் கிடைத்த கீபோர்டைத் தூக்கினேன். கேமரா திறந்திருப்பது இரண்டு பேருக்குமே மறந்துபோனது.

"கை வெச்சுப் பாரு," என்றான் ஃப்ரெடி.

"வெச்சா என்னடா செய்வே?"

"வெச்சுத்தான் பாரேன்."

இரண்டு அடி முன்னால் போனேன். இரண்டு அடி பின்னால் வந்தேன். அவனும் அப்படியே.

அப்போது மணி பன்னிரண்டு. அப்பா கல்லாச் சாவியோடு மாடி ஏறி வந்தார். மகள் கீபோர்டை ஓங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். என்ன, ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக என் பின்னால் வந்து இரண்டு கையாலும் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, வேண்டாம்ட்டி. விடு. பாவம் அவன்."

"விடுங்கப்பா!" என்று நான் துள்ளினேன். "இன்னைக்கு இவனை ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்! விடுங்க!"

யாரும் சொல்லித்தந்ததில்லை. எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. எந்தப் பக்கம் சாய்ந்தால் அப்பாவின் பிடி நழுவாது என்பதுவரை என் உடம்புக்குத் தெரிந்திருந்தது. ஃப்ரெடியைப் பிடிக்கத்தான் ஆளில்லை. பாவம், அவன் ஜன்னல் கம்பியைத் தானே பிடித்துக்கொண்டு, "வுடு, என்னெ வுடு" என்று துள்ளிக்கொண்டிருந்தான்.

திரையிலிருந்து ஏதோ சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தோம். ஐரீன் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

"அந்த மாமாவைத் திரும்ப வரச் சொல்லுங்க," என்றார்.

நாங்கள் மூன்று பேரும் நின்ற நிலையிலேயே நிற்க, அவர் மறுபடி ஆடினார். முதல்முறை அதிகமாகத் துள்ளி, பிடி நழுவி, மானம் இழந்தார். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை பல்லைக் கடித்துக்கொண்டு அளவாகத் துள்ளி, மீட்டரை உச்சிக்கு ஏற்றிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

"இந்த வருஷம் பதினேழு சாமுராய் விளையாட்டு பாத்துட்டேன். எல்லாத்துலயும் வெட்டிக்கிட்டே இருக்காங்க, யாரும் யாரையும் பிடிக்கல. இது யாரோட யோசனை?"

'என்னுது' என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. மறைக்க மாட்டேன். அப்பாவின் கையில் இருந்த சாவி என் விலாவில் குத்திக்கொண்டிருந்தது.

"அவனோடது," என்றேன். "நான் அழிக்கச் சொன்னேன். பிழைன்னு சொன்னதும் பொய்."

ஜன்னல் பக்கம் துள்ளல் நின்றது.

"நல்லது. உங்க நாற்பத்தொரு சட்டத்துக்கு அப்புறம் இதையும் எழுதிச் சேத்துக்கோங்க. விளையாட்டை நாங்க எடுத்துக்கறோம்," என்றார் ஐரீன். "பின்னால நிக்கிறவரையும் வரைஞ்சு வைங்க. பிடி பிரமாதம்." திரை அணைந்தது.

அப்பாவுக்கு விளையாட்டு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனால் வியாபாரிக்கு 'எடுத்துக்கறோம்' என்ற சொல் புரியும். என்னை விடாமல் பிடித்தபடியே நின்றார். பிடி தளரவில்லை, கொஞ்சம் இறுகியதோ என்றுகூடத் தோன்றியது.

"விடுங்கப்பா," என்றேன். இந்தத் தடவை துள்ளவில்லை.

"நெசமாத்தான் சொல்லுதியா?"

"நெசமாத்தான்."

விட்டுவிட்டார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கைப்பிடிச் சுவரைத் தடவியபடி மெதுவாகப் படி இறங்கிப் போனார். சற்று நேரத்தில் கீழே பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அந்த நாற்காலியில் அவரே உட்காரும் சத்தம்.

நான் கீபோர்டைத் தூக்கிப் பிடித்தபடி, பிடிக்க ஆளில்லாமல், ஃப்ரெடிக்கு நேர் எதிரே நின்றேன். அவன் கம்பியை இன்னும் விடவில்லை. எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"சாப்ட்டியா?" என்று கேட்டேன்.