வண்டியில் நாலு சாவிக்குத்தான் இடம்

எங்கள் வீட்டில் என் பேச்சு எடுபடும் விஷயம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது கார் சாவி. என்ன சமைப்பது, டிவியில் எது ஓடுவது, திரைச்சீலை என்ன நிறம் என்பதெல்லாம் என் காதுக்கு வருவதற்கு முன்பே முடிவாகிவிடும். ஆனால் கார் வேண்டுமென்றால் என்னிடம்தான் வந்தாக வேண்டும். பழைய வண்டி. வாங்கும்போதே ஒரு சாவிதான் கொடுத்தார்கள், இன்னொன்று தொலைந்துவிட்டதாம். எனக்கு அதில் துளிகூட வருத்தமில்லை.

சாவி கேட்டு வருபவர்களை நான் சும்மா அனுப்புவதில்லை. எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய், அந்த வழியில் பஸ் இல்லையா, எப்போது திரும்புவாய் என்று ஆரம்பிப்பேன். அப்புறம் கிளட்ச். அதன் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டினால் உள்ளே தகடு எப்படித் தேயும் என்பதை உள்ளங்கைகளைத் தேய்த்துக் காட்டுவேன். அடுத்து கதவை எப்படிச் சாத்துவது, செருப்பை எங்கே தட்டுவது. இதையெல்லாம் நின்று கேட்டவர்களுக்குத்தான் சாவி. இதில் என்ன தப்பு? வண்டி என்ன சும்மா வந்ததா?

நாளடைவில் கேட்பது குறைந்தது. பிறகு நின்றே போனது. மனைவி கேட்பதில்லை, எங்களோடு இருக்கும் மச்சினன் கேட்பதில்லை, புதிதாக ஓட்டக் கற்றுக்கொண்ட மகளும் கேட்பதில்லை. மாமியாருக்கு ஓட்டவே தெரியாது, அவர் கணக்கில் இல்லை. எல்லோருக்கும் வண்டியின் அருமை புரிந்துவிட்டது என்று நான் பூரித்துப்போனேன். நான் வேலைக்குப் போவது கம்பெனி வேனில். சாவி என் பையில் என்னோடு வரும். வண்டி வாரம் முழுக்க அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், தூணுக்குப் பக்கத்தில், உறை போட்டபடி நிற்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே கழுவித் துடைத்து, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, சாப்பிட்டுப் படுப்பேன்.

வண்டிதான் கொஞ்சம் விசித்திரமாக நடந்துகொண்டது. டிரைவர் சீட் தானாக முன்னுக்கு நகர்ந்திருக்கும். மறு வாரம் பின்னுக்குப் போயிருக்கும். பெட்ரோல் நின்ற இடத்திலேயே குறையும். ரேடியோ நான் வைத்த செய்தியை விட்டுவிட்டுப் பழைய பாட்டுக்குத் தாவியிருக்கும். ஒருமுறை உள்ளே பெண்கள் பூசும் சென்ட் வாசனை. மெக்கானிக்கிடம் கொண்டுபோய், சீட் நகர்கிறது என்றேன். அவர் சீட்டை ஆட்டிப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். பெட்ரோல் ஆவியாகிறது என்று நானே முடிவுகட்டி, வேனில் கூட வருபவர்களுக்கு அதை விளக்கவும் செய்தேன். வெயில் காலத்தில் இன்னும் மோசம் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

இந்த நிலையில்தான் சாவி தொலைந்தது. தொலைந்தது என்று சொல்வதுகூடத் தப்பு, என் கண் முன்னாலேயே போனது. ஆபீஸ் லிஃப்டிலிருந்து இறங்கும்போது பையிலிருந்து கைக்குட்டையை உருவினேன். சாவியும் கூடவே வந்து, லிஃப்டுக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் இடுக்கில், அளவெடுத்த மாதிரி விழுந்தது. கீழே எங்கேயோ தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. லிஃப்ட்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, போனது போனதுதான் என்றார்.

ஒரு குடையைத் தொலைத்ததற்காக மச்சினனை வாரக்கணக்கில் வறுத்தெடுத்தவன் நான். வீட்டில் தெரிந்தால் என் பேச்சுக்கு இருக்கும் கடைசி மரியாதையும் போய்விடும். அரை நாள் லீவு போட்டேன். மனைவி வேலைக்கும் மகள் கல்லூரிக்கும் போயிருப்பார்கள், மச்சினன் ஊர் சுற்றும் விற்பனை வேலைக்காரன், மாமியார் மதியத் தூக்கத்தில் இருப்பார். அதற்குள் காதும் காதும் வைத்த மாதிரி வேறு சாவி போட்டுவிட வேண்டும்.

எங்கள் தெருமுனையிலேயே ஒரு சாவிக்காரர் இருந்தார். கடை என்றால் ஓர் அலமாரி அகலம், சுவர் முழுக்கச் சாவிகள். விஷயத்தைச் சொன்னதும் எந்திரங்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். நான் வழி காட்ட வேண்டியிருக்கவில்லை. எனக்கு முன்னால் நடந்து, எங்கள் கேட்டில் திரும்பி, நேரே தூணுக்குப் பக்கத்தில் போய் உறையை விலக்கினார். தொழில் அனுபவம் என்று நினைத்துக்கொண்டேன். பூட்டில் எதையும் விட்டு அளவு பார்க்காமல், கையடக்க எந்திரத்தில் புதுச் சாவி ஒன்றை வெட்டினார். கதவு முதல் திருப்பிலேயே திறந்தது. எப்படி என்றேன். கை பழகிவிட்டது என்றார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

வெட்டிய சாவி கதவைத்தான் திறக்கும் என்று அவர் விளக்கினார். சாவியின் தலைக்குள் ஒரு சிப் இருக்கிறது, அதை வண்டியின் ஞாபகத்தில் பதிய வேண்டும், பதியாவிட்டால் இன்ஜின் உறுமிவிட்டு உடனே அணைந்துவிடும். அதற்கான கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினார். அது கீச்சென்று கத்தியது.

"இடமில்ல சார்" என்றார்.

"எதுல இடமில்ல?"

"வண்டியோட ஞாபகத்துல. நாலு சாவிக்குத்தான் இடம். நாலும் ரொம்பிடுச்சு."

கருவி கெட்டுப்போயிருக்கும் என்றேன். என்னிடம் இருந்தது ஒரே சாவி, அதுவும் இப்போது லிஃப்டுக்கு அடியில் ஊறிக்கொண்டிருக்கிறது என்றேன்.

"அது மொத சாவி சார். மத்த மூணும் நான் போட்டது." சொன்னவர் சட்டென்று நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆமா, நீங்க யாரு?"

என் வண்டியின் பக்கத்தில் நின்றுகொண்டு, நான் யார் என்று நிரூபிக்க வேண்டியதாயிற்று. வண்டிப் புத்தகத்தைக் காட்டினேன். படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்று என் அடையாள அட்டையும் கேட்டார். பார்த்து முடித்ததும் மரியாதையாகத் தள்ளி நின்றார். இந்த வண்டிக்காரர்கள் என்று மூன்று பேர் வந்திருக்கிறார்கள், புத்தகத்தில் பெயர் உள்ளவர் வருவது இதுதான் முதல் தடவை என்றார்.

முதலில் என் மனைவி. அடுத்து மச்சினன். மூன்றாவது மாமியார். எல்லாம் ஞாயிற்றுக்கிழமை மதியம், நான் சாப்பிட்டுப் படுத்த பிறகு, ஆணியில் மாட்டியிருக்கும் என் சாவியை எடுத்துவந்து நடந்த வேலை. மூவருக்கும் மற்ற இருவர் சாவி வைத்திருப்பது தெரியாது. வீட்டில் சொல்ல வேண்டாம் என்று ஆளாளுக்குத் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஓட்டத் தெரியாத மாமியாருக்கு எதற்குச் சாவி என்றேன். மதியம் யாரும் இல்லாதபோது வந்து, இன்ஜினைப் போட்டு, ஏசி காற்றில் பாட்டு கேட்கிறாராம், ஓர் அங்குலம்கூட நகர்த்துவதில்லையாம். போதாததற்கு இன்னொருவரும் சாவி கேட்டு வந்ததாகவும், இடமில்லை என்று காத்திருக்கச் சொல்லியிருப்பதாகவும் சொன்னார். யாரென்று கேட்டதற்கு, வேலை முடியாத வாடிக்கையாளரைப் பற்றிப் பேசுவதில்லை என்றுவிட்டார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. சீட் நகர்ந்தது, பெட்ரோல் ஆவியானது, சென்ட் மணத்தது எல்லாம் வரிசையாக வந்து முன்னால் நின்றன. என்னிடம் கேட்டால் கொடுக்க மாட்டேனா, ஏன் இந்தத் திருட்டுத்தனம் என்று அவரையே பிடித்துக்கொண்டேன். அவர் கருவியின் ஒயரைச் சுற்றியபடி தரையைப் பார்த்தார்.

"உங்க வீட்டம்மா ஒண்ணு சொன்னாங்க சார். அவர்கிட்ட சாவி கேக்கற நேரத்துக்கு நடந்தே போயிட்டு வந்துடலாம்னு."

இனி என்ன வழி என்று கேட்டேன். தொலைந்ததை மட்டும் தனியாக அழிக்க இந்த வண்டியில் முடியாது, அழித்தால் நாலும் போகும், பிறகு கையில் எந்தச் சாவிகள் இருக்கின்றனவோ அவற்றை மட்டும் பதியலாம் என்றார். கையில் இருந்தது என் புதுச் சாவி ஒன்றுதான். யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசிக்க என்ன இருக்கிறது? அழிக்கச் சொன்னேன். கருவி மறுபடி கீச்சிட்டது. என் வண்டி திரும்ப எனக்கே வந்தது. இனி வீட்டார் யார் வந்தாலும் இடமில்லை என்று சொல்லிவிடும்படி அவருக்கு உத்தரவு போட்டுவிட்டு, சாவியைப் பனியனுக்குள் ஊக்கு குத்தி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் உடம்பு சரியில்லை என்று வேலைக்குப் போகவில்லை. வேடிக்கை பார்க்க வேண்டாமா? முதலில் மனைவி. நான் போர்த்திப் படுத்திருப்பதாக அவள் நினைப்பு, ஜன்னலில் நிற்பது தெரியாது. கீழே இன்ஜின் உறுமி அணைந்தது, உறுமி அணைந்தது. மேலே வந்தவள் கைப்பையில் எதையோ தேடுவது போல் நின்று, மாவு டப்பாவைத் திறந்து மூடிவிட்டு, பஸ்ஸுக்கு ஓடினாள். அடுத்து மச்சினன். அதே உறுமல். திரும்பி வந்து தன் பழைய ஷூவுக்குள் எதையோ போட்டான். மதியம் மாமியார் மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்துக்கொண்டு இறங்கினார். பின்னாலேயே போய்ப் படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். ஏசி வந்திருக்காது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, நியூஸ் பேப்பரால் விசிறியபடி, பாட்டில்லாத வண்டியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

நான் கூடத்தில் உட்கார்ந்து காத்திருந்தேன். எப்படியும் கேட்டு வருவார்கள். சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்திக்கூட வைத்திருந்தேன். கிளட்ச்சில் தொடங்கிக் குடை வரைக்கும் போகும் அது.

யாரும் வரவில்லை. மனைவி தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் வந்தாள். மச்சினன் மூட்டை மாதிரி சாம்பிள் பெட்டியைத் தோளில் தூக்கினான். சாவி ஓடவில்லை என்று என்னிடம் எப்படிச் சொல்வார்கள்? அதுகூடப் பரவாயில்லை. ஒரு மாலை நல்ல மழை. மகள் பஸ் நிறுத்தத்திலிருந்து தொப்பலாக நனைந்து வந்து, தும்மிக்கொண்டே என்னைத் தாண்டி உள்ளே போனாள். போன் செய்திருந்தால் நான் போய்க் கூட்டி வந்திருப்பேன். கேளேன், ஒரு வார்த்தை கேளேன் என்று எனக்குள் கிடந்து அடித்துக்கொண்டது. பனியனுக்குள் சாவி குத்தியது. இந்த உலகத்தில் அதை வைத்திருப்பவன் நான் ஒருவன்தான், அதைக் கேட்பதற்கு ஒருவரும் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

மறுபடி அரை நாள் லீவு. அனாதையாகக் கிடந்த சாவிகளை நானே திருடினேன், மாவு டப்பாவிலிருந்து ஒன்று, ஷூவிலிருந்து ஒன்று, தூங்கும் மாமியாரின் தலைமாட்டில் இருந்த கண்ணாடிக் கூட்டிலிருந்து ஒன்று. என் வீட்டில் பூனை மாதிரி நடந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். வரச் சொல்லியிருந்த சாவிக்காரர் காரணம் எதுவும் கேட்காமல் கருவியைச் செருகினார். இந்த மூன்றும் என்னுடையதும் சேர்ந்தால் சரியாக நாலு, ஒன்றும் பிரச்சனையில்லை என்றார்.

"அந்த வெயிட்டிங்ல இருக்கற ஆளு யாருங்க?" என்று கேட்டேன். சொல்லாவிட்டால் இந்த சீட்டை விட்டு இறங்கப்போவதில்லை என்றும் சொன்னேன்.

அவர் கருவியைக் கீழே வைத்தார். "உங்க பொண்ணுதான். இடமில்லம்மா, அப்பாகிட்ட கேட்டு வாங்கிக்கோன்னு சொன்னேன். பஸ்லயே போறேன்னு திரும்பிப் போயிடுச்சு."

ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தேன். பிறகு அவளுக்கு ஒரு சாவி வெட்டச் சொன்னேன். அவர் விரல் விட்டு எண்ணிக் காட்டினார். அப்படியானால் ஐந்து ஆகிறது, வண்டி ஏற்காது, ஒன்று வெளியே நிற்க வேண்டும். எது என்றார். நான் பனியனுக்குள் இருந்ததைத் தொட்டுப் பார்த்தேன்.

"என்னுது கதவைத் திறந்தா போதும்" என்றேன்.

மூன்று சாவிகளும் அதனதன் இடத்துக்குப் போயின. நாலாவதை மகளின் பென்சில் பைக்குள் போட்டேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கீழே இன்ஜின் உறுமி, அணையாமல் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. மதியத்தில் பழைய பாட்டும் மெல்ல வந்தது. மழை பெய்தது, மகள் நனையவில்லை. நான் வெறும் தூணையும் கழற்றிப் போட்ட உறையையும் போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைக் கழுவித் துடைத்தேன். பழக்க தோஷத்தில் உட்கார்ந்து சாவியைத் திருகினேன். உறுமி அணைந்தது. மேலே வந்தேன். மனைவி சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"சாவி கொஞ்சம் குடேன்" என்றேன்.

"உங்க சாவி என்னாச்சு?"

"அது கதவைத்தான் திறக்குது."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கையைக் கழுவாமலே டப்பாவைத் திறந்து சாவியை எடுத்தாள். எடுத்தவள் கொடுக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு, எங்கே போகிறீர்கள் என்று ஆரம்பித்தாள். எதற்கு, அந்த வழியில் பஸ் இல்லையா, எப்போது திரும்புவீர்கள். அப்புறம் கிளட்ச். மாவு ஒட்டிய உள்ளங்கைகளைத் தேய்த்துக் காட்டினாள், நான் காட்டுவதைவிட நன்றாகவே காட்டினாள். மகள் அறை வாசலில் வந்து நின்று, கதவை எப்படிச் சாத்துவது என்பதைச் சொன்னாள். மச்சினன் செருப்பைப் பற்றிச் சொன்னான். கூடத்திலிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"அந்த ரேடியோவ மட்டும் மாத்திடாதீங்க மாப்ள."

எல்லாவற்றுக்கும் சரி சரி என்றபடி கையை நீட்டிக்கொண்டு நின்றேன். சுற்றிவிட்டு வரலாம் என்று நினைத்த தூரத்துக்கு இந்நேரம் நடந்தே போய்த் திரும்பியிருக்கலாம்.