புள்ளைங்களுக்குக் காய்ச்சல்

பொத்தேரியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் ஈஸ்ட் செல்களை வளர்த்து ஆராயும் ஜெரூஷா, அவற்றைப் "புள்ளைங்க" என்றுதான் சொல்வாள். அன்று குடுவையை நாற்பத்திரண்டு டிகிரி வெந்நீர்த் தொட்டியில் இறக்கியவள், தரை துடைக்க வந்த அஞ்சம்மாளிடம், "அக்கா, புள்ளைங்களுக்கு இன்னிக்குக் காய்ச்சல்" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டு வெளியே போனாள்.

சூடு ஏறினால் செல் தன் வழக்கமான புரதங்களைச் செய்வதை நிறுத்திவிடும்; உருக்குலையும் புரதங்களைத் தாங்கிப் பிடிக்கும் காவல் புரதங்களை மட்டும் அவசரமாகச் செய்யும். மூன்று வருடமாக ஜெரூஷா இதைத்தான் அளந்துவந்தாள். இந்தக் கடைசி அளவு வந்துவிட்டால் முனைவர் பட்ட ஆய்வேடு முடிந்துவிடும்.

மாலையில் முடிவைப் பார்த்தவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சூட்டிலும் செல்களின் வழக்கமான வேலை எதுவும் நின்றிருக்கவில்லை.

"இன்னா பாப்பா, இப்டி குந்திகினுகீறே?" என்றாள் அஞ்சம்மாள்.

"எல்லாம் தப்பா வந்திருக்கு அக்கா. மூணு வருஷ உழைப்பு போச்சு."

அஞ்சம்மாள் கையிலிருந்த துணியை வாளியில் போட்டாள். கருவிகளைத் தொட்டால் வேலை போய்விடும் என்று சொல்லித்தான் அவளைச் சேர்த்திருந்தார்கள். வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனாலும் திறந்தாள்.

"நான்தான் பாப்பா. காய்ச்சல்னியே, தொட்டா அனலா கொதிச்சிது. மனசு கேக்கல. பக்கத்துல பச்சத்தண்ணி தொட்டில ஆற வெச்சேன். நீ வர்ற சத்தம் கேட்டு பழையபடி வெச்சிட்டேன்."

"எவ்ளோ நேரம் ஆற வெச்சீங்க?"

"கால் மணி. கெடியாரத்தப் பாத்துகினே நின்னேன். காய்ச்சக்காரப் புள்ளைய அப்டிதானே பாக்கணும்?"

ஜெரூஷா எழுந்து நின்றாள். அப்படியானால் முடிவு தப்பில்லை. சூடு தணிந்த கால் மணியில் செல்கள் நிறுத்திய வேலையை மறுபடி தொடங்கிவிட்டன! அவள் அளக்க நினைத்திராத விஷயம் அது. மறுநாளிலிருந்து தன் கையாலேயே மூன்று முறை செய்து பார்த்தாள். மூன்று முறையும் அதேதான்.

வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் ஜெபராஜ் கேட்டார்: "சூட்டைத் தணிச்சுப் பாக்கணும்னு உனக்கு எப்படித் தோணுச்சு?"

தானாகத் தோன்றியது என்று சொல்லியிருக்கலாம். உள்ளுக்குள் ஒரு சின்ன ஜெபம் செய்துகொண்டு நடந்ததைச் சொன்னாள். "அஞ்சம்மாள் அக்கா உண்மையைச் சொல்லலன்னா நான் இங்க நின்னிருக்கமாட்டேன், சார். அவங்க வேலைக்கு எதுவும் ஆகக் கூடாது."

ஜெபராஜ் கண்ணாடியைக் கழற்றினார். "இப்படி உண்மையைச் சொல்ற ஆளை யார்மா வேலையை விட்டு அனுப்புவாங்க? எங்க அவங்க?"

தேநீர்த் தட்டோடு வாசலில் நின்ற அஞ்சம்மாளை ஜெரூஷா கைபிடித்து அழைத்துவந்து, முன்வரிசையில் உட்கார வைத்தாள். கடவுள் சிலரை எவ்வளவு அழகாகப் படைத்துவிடுகிறார் என்று நினைத்தபோது, தனக்குக் கிடைக்கப்போகும் பட்டம்கூட அவளுக்கு ஞாபகம் வரவில்லை.