தலையணைக்குள் தைத்த மருந்து

மெத்தைக் கடையின் பின்னறையில் எப்போதும் ஒரு மேகம் இறங்கியிருக்கும். பஞ்சு அடிக்கும் இயந்திரம் ஓடத் தொடங்கினால் வெள்ளை இழைகள் எழும்பி, சன்னலோர வெயிலில் மிதந்து, கீழே இறங்க மனமில்லாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். அந்த மேகத்துக்கு அடியில், தைத்து அடுக்கிய தலையணைகளின் மேல், ஒரு சின்னப் பெண் மல்லாந்து படுத்துக் கூரையோடு கதை பேசிக்கொண்டிருப்பாள். குறைமாதத்தில் பிறந்தவள். ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று அவளைக் கையில் வாங்கிய அத்தை, ஊதினால் பறந்துவிடும்போல இருக்கிறதே, பஞ்சு மாதிரி என்றாள். வைத்த பேர் மறந்து, பஞ்சு என்ற பேரே நின்றுவிட்டது.

அத்தை, பஞ்சுவின் அப்பாவுக்கு அக்கா. கடை அவள் கையில்தான். தம்பி மெத்தைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுப்பான், தம்பி மனைவி உறை தைப்பாள். ஆனால் ஒரு தலையணை கடையை விட்டு வெளியே போக வேண்டுமென்றால் அத்தையின் கை அதன்மேல் பட்டாக வேண்டும். நடுவில் ஓர் அமுக்கு அமுக்கிவிட்டுக் கையை எடுப்பாள். பள்ளம் மெல்ல நிரம்பி எழும்பினால் சரி. எழும்ப யோசித்தால், இதுக்கு உசிர் பத்தலை என்று ஓரமாகத் தள்ளிவிடுவாள்.

பஞ்சுவுக்கு இழுப்பு உண்டு. ஓடி விளையாடினால், பனிக்காற்று பட்டால், நெஞ்சுக்குள் மெல்லிய விசில் கேட்கும். அது தனக்குள் குடியிருக்கும் குருவி என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை மருத்துவர் ஓர் இன்ஹேலரைக் கொடுத்து, இழுப்பு வந்தாலும் வராவிட்டாலும் தினமும் காலையும் இரவும் உறிஞ்ச வேண்டும், பஞ்சுத் தூசியில் படுக்க விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

அத்தை அதை மருந்தாகப் பார்க்கவில்லை, ஒரு முத்திரையாகப் பார்த்தாள். சீக்காளி என்று ஒரு தடவை பேர் வந்துவிட்டால் துவைத்தாலும் போகாது என்றாள். கடை நாலு பேர் வந்து போகிற இடம். அதனால் அவளுக்குத் தெரிந்த வேலையைச் செய்தாள். கடைசித் தையலை உள்ளே மடித்து, முடிச்சு வெளியே தெரியாமல் போடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பஞ்சுவின் சின்னத் தலையணைக்குள் ஒரு பை வைத்து, அதில் இன்ஹேலரைப் போட்டு, மூடித் தைத்துவிட்டாள். வேண்டும்போது பிரித்துக்கொள், பிறகு தைத்துக்கொள் என்று தம்பி மனைவியிடம் சொன்னாள்.

ஆரம்பத்தில் அம்மா தவறாமல்தான் பிரித்தாள், தைத்தாள். ஆனால் வீட்டுவேலையும் கடைவேலையும் கிடக்கும்போது நூலை வெட்டி, ஊசி கோத்து, மறுபடி தைப்பது லேசா? நன்றாகத்தானே இருக்கிறாள் என்று ஒரு வேளை விட்டாள். அப்புறம் ஒரு நாள் விட்டாள். நாளடைவில் குருவி கத்தும்போது மட்டும்தான் தையல் பிரிந்தது. ஊர் கண்ணுக்குத் தெரியாமல் வைத்த மருந்து, வீட்டார் கைக்கும் எட்டாமல் போயிற்று.

கொரோனா தெருத்தெருவாக வந்துகொண்டிருந்த காலம் அது. ஒரு விடுதிக்கு மெத்தை இறக்கப் போன அப்பா, காய்ச்சலோடு திரும்பினார். தனியே படுங்கள் என்று சொல்லத்தான் செய்தார்கள். பஞ்சு அவர் முதுகில் கன்னத்தை வைத்துத் தூங்கியபோது யாரும் அவளைத் தூக்கவில்லை. சின்னப் பிள்ளைகளை இது ஒன்றும் செய்யாது என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொன்னார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது உண்மையும்கூட. அந்த உண்மைதான் இவர்களைத் தாலாட்டித் தூங்க வைத்தது.

பஞ்சுவுக்குக் காய்ச்சல் வந்து இருமல் கூடியபோது, அம்மாவும் அத்தையும் முகக்கவசம் கட்டிக்கொண்டு அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். தலையணையைக் கட்டிப்பிடித்தபடியே வந்தாள் பிள்ளை. தூக்கம் கெட்ட கண்களோடு இருந்த பெண் மருத்துவர், விரலில் கருவி மாட்டிப் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"இதுக்கு முன்னாடி வேற ஏதாவது உண்டாம்மா? இழுப்பு, இருதயத்துல ஓட்டை, சர்க்கரை, வலிப்பு? குறைமாசத்துல பொறந்தாளா?"

அம்மா வாயெடுத்தாள். அத்தையின் விரல்கள் அவள் முழங்கையில் மெல்ல அழுந்தின.

"ஒண்ணும் இல்லீங்க," என்றாள் அம்மா. "நல்லாத்தான் இருந்தா."

அப்படியானால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், மூச்சு வாங்கினால் உடனே வாருங்கள் என்று சொல்லி, மருத்துவர் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

வாசலில் ஆட்டோவுக்காக நின்றார்கள். மாலை வெளிச்சம் பஞ்சுப் பொதிபோல மரங்களின்மேல் கிடந்தது. அத்தையின் தோளில் சாய்ந்திருந்த பஞ்சு, கனவில் பேசுவதுபோல, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"அத்தை... மேகம்... என் மேல உக்காந்திருக்கு. எந்திரிக்கச் சொல்லு."

அத்தையின் கை தானாகப் பிள்ளையின் நெஞ்சுக்குப் போனது. விலா எலும்புகளுக்கு நடுவே சதை பள்ளமாக உள்ளே போனது. எழும்ப யோசித்தது. மறுபடி உள்ளே போனது. எத்தனையோ தலையணைகளில் அந்தக் கை பார்த்த பள்ளம். இதை ஓரமாகத் தள்ள முடியுமா?

அவள் பிள்ளையைத் தம்பி மனைவியிடம் கொடுத்தாள். முகக்கவசத்தை இறக்கினாள். தலையணையின் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்து, பஞ்சு சிந்தச் சிந்த உள்ளே கைவிட்டு இன்ஹேலரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் ஓடினாள். அம்மாவும் பிள்ளையோடு பின்னாலேயே ஓடினாள்.

"பொய் சொல்லிட்டோம் டாக்டர். இழுப்பு இருக்கு. குறைமாசப் பிள்ளை. மருந்தும் ஒழுங்காக் குடுக்கல. இவ பேச வந்தா, நான்தான் கையப் புடிச்சேன்."

மருத்துவர் திட்டவில்லை. கை வேலையில் இறங்கிவிட்டது. பிராணவாயு வைத்து, பஞ்சுவை அப்போதே வார்டில் சேர்த்தார்கள்.

படுக்கையின் தலைமாட்டில், பிராணவாயுக் குப்பியில் தண்ணீர் குமிழிவிடும் சத்தம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. பஞ்சு அதைக் கேட்டபடி ஏதோ ஆற்றில் மிதந்து போனாள். போன தூரம் அதிகம். அம்மா அவள் சுண்டுவிரலை விடவே இல்லை. ஒரு நாள் காலையில் பிள்ளை கண் திறந்து, குருவிக்குப் பசிக்கிறது என்றாள்.

அன்றைக்குத்தான் மருத்துவர் அம்மாவையும் அத்தையையும் உட்கார வைத்துப் பேசினார். நிறைய பிள்ளைகளுக்கு இது சளிக்காய்ச்சல்போல வந்து போய்விடும். ஆனால் நுரையீரலோ இருதயமோ முன்பே பலவீனமான பிள்ளைகள், சர்க்கரை உள்ளவர்கள், அளவு மீறி உடம்பு போட்டவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், குறைமாதத்தில் பிறந்தவர்கள், இவர்களை அது முரட்டுத்தனமாகப் பிடிக்கும். ஒன்றுக்கு மேல் சேர்ந்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். தினமும் உறிஞ்சும் மருந்து பிள்ளையைக் கெடுக்காது, விட்டால்தான் கெடும். அத்தை தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தாழ்ந்த குரலில், தனக்கும் சின்ன வயதிலிருந்து இழுப்பு உண்டு என்றாள். அதைக் கேள்விப்பட்டுத்தான் தனக்கு வந்த வரன் திரும்பிப் போனதாம். தம்பி மனைவிக்கே அது அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்போது பஞ்சுவுக்கு மேகத்தின் அடியில் படுக்கை இல்லை. கடையை ஒட்டிய வீட்டின் முன்னறையில், தூசி வராத சன்னலோரம் படுக்கிறாள். கொஞ்ச நாள் சிணுங்கினாள், அப்புறம் நிஜ மேகங்களோடு சிநேகமாகிவிட்டாள். அவளுடைய தலையணைக்கு வெளியே, எல்லோர் கண்ணிலும் படும்படி, சிவப்புத் துணியில் ஒரு பை. அதில் இன்ஹேலர்.

மெத்தை எடுக்க வந்த ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டு, இது எதற்கு என்று கேட்டாள். எங்கள் பிள்ளைக்கு இழுப்பு, எனக்கும்தான் என்று அத்தை சாதாரணமாகச் சொன்னாள். வந்தவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு குரலைத் தணித்து, தன் பையனுக்குக் கைக்குழந்தையிலேயே இருதயத்தில் ஆபரேஷன் நடந்தது, பள்ளிக்கூடத்தில்கூடச் சொல்லவில்லை என்றாள்.

அத்தை கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தாள்.

"இன்னைக்கே போய்ச் சொல்லிடும்மா. பள்ளிக்கூடத்துலயும் சொல்லு, எந்த டாக்டர்கிட்ட போனாலும் அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லு. நம்ம மானத்தக் காப்பாத்த பிள்ளையோட நோயை மறைச்சா, ஆபத்து வர்ற அன்னைக்கு அந்தப் பிள்ளையக் காப்பாத்த வர்றவங்க கண்ணையும் நாமளே கட்டிடறோம்."