எண்ணெய்க்காகக் கைவிடப்பட்டவள்

பரமசிவத்தின் முந்திரித் தோப்பில் எண்ணெய் இருக்கிறதா என்று துளை போட்டுப் பார்க்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்த அன்றிலிருந்து எங்கள் ஊர் ஆண்களுக்கு வேறு வேலையே இல்லாமல் போய்விட்டது. அதற்கு முன்னாலும் பெரிதாக ஒன்றும் வெட்டி முறிக்கவில்லை.

2014, சித்திரை மாதம். வடக்குத்திலிருந்து காடாம்புலியூர் போகிற பக்கம் எங்கள் ஊர். பனைமரத்தைவிட உயரமான இரும்புக் கோபுரத்தை நிறுத்தி, இரவு பகலாக மெஷின் ஓட்டினார்கள். பக்கத்து நிலத்துக்காரர்கள் அத்தனை பேரும் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வேலியோரம் உட்கார்ந்தார்கள். எத்தனை லாரி உள்ளே போகிறது என்று எண்ணினார்கள். துளையிலிருந்து வந்த சேற்றை விரலில் தொட்டு முகர்ந்தார்கள். "டீசல் வாசன வருதுடா" என்றார் என் வீட்டுக்காரரின் அண்ணன் கலியமூர்த்தி. வராமல் என்ன செய்யும், பத்தடி தள்ளி ஜெனரேட்டர் ஓடுகிறது. பெற்ற பிள்ளை எத்தனாவது படிக்கிறான் என்று கேட்டால் முழிக்கிற ஆட்கள், மூவாயிரம் மீட்டர் ஆழத்தில் என்ன கிடக்கிறது என்று அடித்துச் சொன்னார்கள்.

என் வீட்டுக்காரர் மணிமாறன் நிலக்கரி மைன்ஸில் பதினெட்டு வருஷமாகக் கான்ட்ராக்ட் தொழிலாளி. பெர்மனன்ட் ஆள் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்பார். நிலக்கரிக்கு நிலம் கொடுத்த வீடுகளில் ஒரு காலத்தில் வீட்டுக்கு ஒரு வேலை கிடைத்தது. அது இவர்கள் மண்டையில் அப்படியே உறைந்துவிட்டது. எண்ணெய்க்கும் அதே சட்டம் என்று அவர்களே முடிவு கட்டிக்கொண்டார்கள். துளை போடுகிறவர்களிடம் ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

வீட்டுக்கு ஒரு வேலை என்றால் வீட்டை இரண்டாக்கு, இது கலியமூர்த்தியின் யோசனை.

"ஒரு ஏக்கர் அறுவது சென்ட்ல பாதிய செவ்வந்தி பேருக்கு எழுதி வெச்சிடு. தனி ரேஷன் கார்டு வாங்கு. நீ கைவிட்டுட்டன்னு ஒரு சான்றிதழ் எடுத்துட்டா அவ தனி வூடு. உனுக்கு ஒரு வேல, அவுளுக்கு ஒரு வேல. அவ வேலைய உன் பொண்ணக் கட்டுன மாப்ள பேருக்கு மாத்திக்கலாம்."

சோறு வைத்துக்கொண்டிருந்த என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பத்திரம் பதிவானது. நிலத்து ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டு, விசாரிக்க வந்தால் காட்ட ஒரு அடுப்பும் வைத்தார்கள். நான் பேருக்கு அங்கே போய்ப் படுத்தேன். சாப்பாடு மட்டும் மூன்று வேளையும் பழைய வீட்டுக்கு வந்துவிட வேண்டும், அதில் குறை வைக்கக் கூடாது. கைவிடப்பட்ட பெண் என்ற சான்றிதழுக்கு மனுவில் கலியமூர்த்தியும் பரமசிவமும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.

தாலுகா ஆபீசுக்கு என் வீட்டுக்காரரே என்னைக் கூட்டிப் போனார். எழுதுகிறவர் நிமிர்ந்து, "நீ யாருப்பா?" என்றார்.

"அண்ணன் முறைங்க."

எழுதுகிறவர் என் பக்கம் திரும்பினார்.

"புருஷன் விட்டுட்டுப் போயி எத்தினி வருஷமாவுதும்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள், "அஞ்சு வருஷமாவுதுங்க. எட்டிக்கூடப் பாக்கலீங்க" என்றார் இவர். கண் கூடச் சிமிட்டவில்லை. அந்த ஐந்து வருஷமும் அவர் தின்றது நான் வடித்த சோறு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தபோதுகூடத் தையல் பிரிக்கும் முன்னே எழுந்து உலை வைத்தவள் நான். பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். அவர் பக்கத்து சீட்காரனிடம் எண்ணெய் விலை பேசிக்கொண்டு வந்தார்.

ஆடியில் கோபுரத்தைப் பிரித்தார்கள். வேலியோரக் கூட்டம் ஓடிப்போய் இன்ஜினீயரை மறித்தது.

"ஒண்ணும் இல்லீங்க. சிமென்ட் போட்டு மூடிட்டோம்" என்றான் அந்தப் பையன்.

"அப்ப வேல?" என்றார் கலியமூர்த்தி.

"என்ன வேலை? எண்ணெய் வந்திருந்தாலும் இந்தத் தோப்பு அளவு இடத்தைக் குத்தகைக்கு எடுப்போம். அவ்வளவுதான்."

இன்னும் நூறு மீட்டர் போயிருந்தால் கிடைத்திருக்கும், பையனுக்கு அனுபவம் பத்தவில்லை என்று ஒரு வாரம் டீக்கடையில் பேசினார்கள். அப்புறம்தான் என் ஞாபகம் வந்தது.

நான் கொட்டகையிலிருந்து திரும்பவில்லை. அடுப்பு நன்றாக எரிந்தது. எண்பது சென்டிலும் முந்திரி. மூன்று மாதத்தில் ஒரு பொழுதாவது உட்கார்ந்து சாப்பிட்டேன் என்றால் அது அங்கேதான்.

கலியமூர்த்தியும் பரமசிவமும் நியாயம் பேச வந்தார்கள். "புருஷனோட வாழ மாட்டேங்கிறது நல்ல பொம்பளைக்கி அழகா?" என்றார் கலியமூர்த்தி.

"அஞ்சு வருஷமா எனுக்குப் புருஷனே இல்லன்னு கையெழுத்துப் போட்டவுரு நீங்கதான மாமா?"

"அது சும்மா, பேருக்கு."

"பேருக்குன்னாலும், ஆபீசுல சொல்லும்போது உங்க தம்பிக்கு ஒரு தபா கூட நாக்கு கொழறலியே."

பரமசிவம் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். கலியமூர்த்தியும் போனார்.

மறுநாள் மத்தியானம் என் வீட்டுக்காரர் தனியாக வந்தார். சட்டையில் பட்டன் இல்லை. வாசலிலேயே நின்றார்.

"நெலம் உன் பேருலயே இருக்கட்டும் செவ்வந்தி. எனுக்கு ஒண்ணும் வேணாம். நீ வூட்டுக்கு வந்தாப் போதும்."

இருபத்தாறு வருஷத்தில் நீ போதும் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. புடவை இரண்டுதானே, மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

"நெசமாவா சொல்றீங்க?"

"நெசமாத்தான். இப்பவே கெளம்பு. நாளிக்கிக் காலையில ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போவ அண்ணன் கார் சொல்லிட்டாரு."

சொன்னதில் என்ன தப்பு என்று கடைசிவரை அவருக்கு விளங்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் வந்து நிற்கிற ஆளைப் பட்டினியாக அனுப்பும் பழக்கம் எனக்கு இல்லை. தட்டில் சோறு போட்டு, கருவாட்டுக் குழம்பு ஊற்றி வெளியே வைத்தேன். குந்தி உட்கார்ந்து, வழித்துச் சாப்பிட்டார்.

"தட்டக் கழுவி வெச்சிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.